ஒரு பிடி மண்ணும் ஒரு பி.எஸ்ஸி. பட்டமும்

புதிதாகப் படித்து முடித்தவர்களைத் தனியாக வெளியே விடக் கூடாது. குறைந்தது ஒரு வருடமாவது வீட்டில் கட்டிப்போட்டு, படித்ததெல்லாம் கொஞ்சம் ஆறிய பிறகுதான் அவிழ்த்துவிட வேண்டும். என் விஷயத்தில் எங்கள் வீட்டார் இந்த முன்னெச்சரிக்கையை எடுக்கவில்லை. அதன் பலனை ஊரே அனுபவித்தது.

எங்கள் ஊர் பேரையூர்ப் பக்கம். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பேச்சு என்று இரண்டே விளைச்சல் உள்ள ஊர். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். (அதற்கு முன்னால் எல்லாரும் கட்டைவிரல் கட்சி.) ஆறாம் வகுப்பிலிருந்து மதுரையில் விடுதியில் தங்கி, பதினோரு வருடம் படித்து, வேதியியலில் பி.எஸ்ஸி.யும் அதற்கு மேல் ஒரு பி.எட்.டும் வாங்கிக்கொண்டு, எழுபதுகளின் கடைசியில் சொந்த ஊர் நடுநிலைப் பள்ளிக்கே அறிவியல் ஆசிரியையாக வந்து இறங்கினேன். தற்காலிக வேலைதான். ஆனால் என் நடையில் தற்காலிகம் எதுவும் இருக்காது. பையில் நீலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று பேனா. தெருவில் யாராவது “எங்கத்தா போற, பேச்சி?” என்று கேட்டால், “பணி நிமித்தமாக” என்று பதில் சொல்வேன். அடுத்த தடவை யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் அப்பா டீக்கடையில் உட்கார்ந்து, “எம்மக ஒரு சொல்லு சொன்னா கலெக்டரே எந்திரிச்சு நிப்பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கலெக்டருக்கு இந்த விஷயம் தெரியாது.

அந்த வருடம் எட்டாம் வகுப்புக்கு ‘மண்ணின் வகைகள்’ பாடம். கரும்பலகையில் படம் போட்டு நடத்திவிட்டுப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் நான் செய்முறைக் கல்வியில் நம்பிக்கை உள்ளவள். கண்மாய்க் கரையில், அய்யனார் கோயிலுக்குப் பக்கத்தில், நல்ல களிமண்ணாகப் பார்த்து ஒரு பிடி எடுத்தேன். சோதனைக்கூடமாக இருந்தால் பீங்கான் தட்டு இருக்கும். இங்கே கிடைத்தது அம்மாவின் பித்தளைத் தாம்பாளம். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதா என்று பார்க்க அமிலம் வேண்டும். அதற்கு மாற்றாக இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்து மண்ணுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெயில் கொளுத்தியது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். கரைச் சேற்றில் செருப்பு ஒட்டியது, கழற்றி ஒரு மரத்தடியில் விட்டேன்.

இந்தக் கோலத்தில், மண்ணைப் பற்றி மேலும் விவரம் கேட்பதற்காக, ஊர் மந்தைக்குப் போனேன். அங்கேதான் எங்கள் ஊர் வேளார் இருந்தார். சட்டிபானை, சாமி சிலை எல்லாம் செய்கிறவர். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் தொண்டை கட்டிவிடும் என்பதுபோல் இருப்பார். அன்று செவ்வாய்க்கிழமை. மேலத்தெருக்காரர்களும் கீழத்தெருக்காரர்களும் மந்தையில் எதிரெதிரே உட்கார்ந்து ஏதோ காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நேராக வேளாரிடம் போய்த் தாம்பாளத்தை நீட்டினேன்.

“இந்த மண்ணை வாங்கிக்கங்க. இதை வச்சு என்ன செய்யலாம்னு நீங்கதான் சொல்லணும்.”

வேளார் என்னைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மந்தையில் சத்தம் நின்றுபோனது. தூரத்தில் நின்ற பெண்களில் யாரோ ஒருத்தி பழக்கதோஷத்தில் குலவை வேறு போட்டுவிட்டாள். கிராம மக்களிடம் அறிவியலுக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கியது.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் திருவிழாவில் முதல் வேலை, ஊர் சார்பில் ஒரு பெரிய மனிதர் ஒரு பிடி மண்ணைத் தாம்பாளத்தில் வைத்து வேளாரிடம் கொடுப்பது. அதற்குப் பெயர் பிடிமண். கொடுத்தால் திருவிழா உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். வேளார் வாங்கிவிட்டால் குதிரை செய்தே ஆகவேண்டும். அந்தப் பிடிமண்ணை மேலத்தெரு கொடுப்பதா, கீழத்தெரு கொடுப்பதா என்று சண்டை வந்து, நான் மதுரைக்குப் படிக்கப் போன வருடம் திருவிழா நின்றுபோனது. அதற்குப் பிறகு வருடாவருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மந்தையில் கூடி, முடிவு எட்டாமல் கலைவது ஊர் வழக்கமாகியிருந்தது. பதினோரு வருடம் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மரியாதையை, அந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்து நான் போய் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அமைதி உடைந்தபோது இரண்டு தெருவும் ஒன்றாகப் பேசியது. பதினோரு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் என்னைத் திட்டுவது.

“பொம்பளப் பிள்ள பிடிமண்ணு குடுக்கவா? எந்த ஊர்ல நடக்கும்?” என்றார் மேலத்தெருவுக்குத் தலைவரான பஞ்சாயத்துப் பிரசிடெண்டு. நீண்ட முகம், முன்னால் துருத்திய இரண்டு பல், கன்னம்வரை ஓடும் மீசை. கோபம் வந்தால் மூக்குத் துவாரம் இரண்டும் விரியும். அன்று நன்றாகவே விரிந்தது.

“ஏத்தா, ஒனக்குப் படிப்பு முத்திப்போச்சா?” என்றார் சோலை மாமா. இவர் எங்கள் கீழத்தெருவின் தலைவர். எனக்கு மாமா முறை.

“நான் பரிசோதனைக்காகத்தான்…” என்றேன்.

“என்ன சோதன? அய்யனாரச் சோதிக்கிறியா?”

வேளாரிடம் மண்ணைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். “வாங்குன மண்ணத் திருப்புற வழக்கம் இல்ல” என்றார். அப்படியானால் இது எந்தத் தெரு மண் என்று கேள்வி வந்தது. பிள்ளை எங்கள் தெரு என்றது கீழத்தெரு. வாங்கிய இடம் எங்கள் பக்கம் என்றது மேலத்தெரு. சூரியன் சாயும்வரை இது நடந்தது. கடைசியில் வேளார் அந்த மாதத்துக்கான பேச்சையெல்லாம் மொத்தமாகப் பேசினார்.

“மண்ணு குடுத்த கையே குதிரையும் செய்யட்டும். ரெண்டு தெருவுக்கும் பொதுவாப் போகும்.”

“சாமி குதிரைய ஒரு பொம்பள செய்யவா?”

“எம்பொண்டாட்டிதான் எட்டு வருசமா மண்ணு மிதிக்கிறா, பான தட்டுறா. அதுல வச்ச பொங்கலத்தான சாமி திங்கிது?” என்று துண்டை உதறிவிட்டுப் போய்விட்டார்.

ஊர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. நான் செய்யும் குதிரை சூளையில் உடைந்தால் அது தெய்வக்குற்றம். என்னை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மதுரையில் உள்ள கல்வி அலுவலகத்துக்கு மனு போகும். தற்காலிக ஆசிரியைக்கு எதிராக ஊர் மொத்தமும் மனு போட்டால், அந்த வேலைக்கு ஆயுள் ஒரு தபால் தூரம். எங்கள் வம்சத்திலேயே முதல் மாதச் சம்பளம், முதல் வருகைப் பதிவேடு, முதல் சிவப்பு மைப் பேனா எல்லாம் ஒரு மண்குதிரையின் நான்கு காலில் நின்றது. அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் பிரசிடெண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். கையில் வெள்ளைத்தாள்.

“டீச்சர், ஒரு மனு எழுதணும்.”

“யார் மேலங்க?”

“ஒங்க மேலதான். முன்கூட்டியே தயாரா இருக்கட்டுமுன்னு. ஊர்ல அழகா எழுதத் தெரிஞ்சது நீங்க ஒரு ஆளுதான.”

வேறொருத்தியாக இருந்தால் மறுத்திருப்பாள். ஆனால் ‘அழகா எழுதத் தெரிஞ்சது நீங்க ஒரு ஆளுதான’ என்ற பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. உட்கார்ந்து எழுதினேன். ‘மேற்படி ஆசிரியை ஊர் மரபுகளை அறியாதவர் என்பதையும், அகந்தை மிகுந்தவர் என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்…’ அவர் சொல்ல மறந்த இரண்டு குற்றங்களையும் நானே சேர்த்தேன். முக்கியமான இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டேன்.

“அகந்தையின்னா என்ன டீச்சர்?”

“திமிர்.”

“ஆங்! அது கட்டாயம் இருக்கட்டும்.”

இரண்டு தெருவும் கைநாட்டு வைத்தது. நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் ஒப்புக்கொண்டது அந்த மனுதான். பிரசிடெண்டு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பையைத் தொட்டுக் காட்டுவார்.

தினமும் பள்ளி விட்டதும் வேளார் வீட்டு முற்றத்துக்குப் போனேன். போகும்போது கட்டம்போட்ட தாளில் குதிரை ஒன்றை வரைந்து, ஒரு அங்குலத்துக்கு இத்தனை அடி என்று அளவெல்லாம் குறித்து எடுத்துப் போனேன். வேளாரின் மனைவி செல்லக்கிளி அதை வாங்கித் தலைகீழாகப் பார்த்தாள். அவள் என் வயதுதான். மூன்றாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அப்போதெல்லாம் என் சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்பதுதான் அவள் வேலை.

“இது என்ன டீச்சரம்மா, குதிரைக்குக் கட்டம்போட்ட சட்டையா?”

“இது அளவு, செல்லக்கிளி. விகிதாச்சாரம்.”

“அது எனக்குத் தெரியாது. மொதல்ல சீலையத் தூக்கிச் சொருகிட்டு மண்ண மிதிங்க.”

ஆசிரியை மண் மிதிப்பதா என்று இரண்டு நிமிடம் யோசித்தேன். பிரசிடெண்டின் சட்டைப்பையில் இருந்த மனு ஞாபகம் வந்தது. இறங்கினேன்.

களிமண் என்பது நீரேற்றம் பெற்ற அலுமினியம் சிலிகேட். இதை நான் நூறு தடவை எழுதியிருக்கிறேன், எழுதவைத்திருக்கிறேன். ஆனால் நீரேற்றம் பெற்ற அலுமினியம் சிலிகேட் கால்விரல் இடுக்கில் பிதுங்கிக்கொண்டு வரும்போது இப்படிக் கூசும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் கத்திவிட்டேன். செல்லக்கிளி விழுந்து விழுந்து சிரித்தாள். வழுக்கியதில் நான் உண்மையாகவே விழுந்தேன்.

முதல் குதிரை முன்னங்கால் மடிந்து ஊருக்கு மன்னிப்புக் கேட்டது. இரண்டாவதின் வயிறு தரையில் இழுபட்டது. மூன்றாவதைப் பார்த்துவிட்டுச் செல்லக்கிளியின் ஆடு பக்கத்தில் வந்து உரிமையோடு படுத்துக்கொண்டது. வேளார் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு செருமல் செருமிவிட்டுப் போவார். அதற்கு என்ன பொருள் என்று தெரியாமல், நான் விகிதாச்சாரத்தை மாற்றி மாற்றி எழுதினேன்.

நான்காவதும் சரிந்த அன்று எனக்கு அழுகை வந்தது. செல்லக்கிளி என்னைத் தேற்றவில்லை. ஒரு உருண்டை மண்ணை எடுத்துக் காதை மட்டும் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, “இது யாரு சொல்லுங்க?” என்றாள். டீக்கடைக்காரர்! அச்சு அசல். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று செய்தேன். வாய் திறந்த உருண்டை. “சோல மாமா!” என்றாள் உடனே. அப்புறம் எங்களுக்கு நிதானம் போய்விட்டது. ஊரில் யாரையும் விடவில்லை. மூக்கு, தாடை, தொப்பை, கொண்டை என்று ஒரு பலகை நிறைய ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிரசிடெண்டு மட்டும் நான்கு பேர்! அந்த மூக்குத் துவாரத்தைக் கட்டைவிரலால் அழுத்தும்போது கிடைத்த ஆனந்தம் பி.எஸ்ஸி. முடிவு வந்த அன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாகச் செல்லக்கிளி ஒன்று செய்தாள். ஒரு சின்னத் தலை. தாடை வானத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தது. மூக்கு அதற்கும் மேலே.

“இது யாரு? தெரியலையே.”

“மழ பேஞ்சா மூக்குல தண்ணி போயிரும்லடி பேச்சி, இம்புட்டுத் தூக்கிக்கிட்டு நடந்தா?”

அது நான்தான். சிலேட்டுக் காலத்துக்குப் பிறகு அவள் என்னை ‘அடி’ போட்டுக் கூப்பிட்டது அன்றுதான். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு அடுத்த நொடி சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் சளி வர, மண்கையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கட்டம்போட்ட தாள் எங்கேயோ மிதிபட்டுப் போனது. அதை யாரும் தேடவில்லை.

மறுநாளிலிருந்து கை என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு மண்ணின் பேச்சைக் கேட்டது. கால் நான்கையும் உருளையாகச் செய்து, கொஞ்சம் காயவிட்டு, அதற்கு மேல் உடம்பை வளையம் வளையமாக ஏற்றினோம். பாட்டுப் பாடினோம். வாலை மட்டும் மூன்று விதமாக வைத்துப் பார்த்து, திமிரானதைத் தேர்ந்தெடுத்தோம். இடுப்பு உயரத்துக்குக் குதிரை ஒன்று நின்றது. சிரித்துக்கொண்டே தலையையும் செய்து ஒட்டினேன். வேளார் வந்து பார்த்தார். வழக்கமான செருமல் வரவில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மெய்சிலிர்த்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சூளை பிரிக்கிற அன்று காலை ஊரே வேளார் வீட்டு முன்னால் நின்றது. பிரசிடெண்டு பையைத் தொட்டபடி நின்றார். எங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சாம்பலை விலக்கியதும் குதிரை செக்கச்செவேல் என்று நான்கு காலில் நின்றது. ஒரு கீறல் இல்லை. எங்கள் அம்மா போட்ட குலவையில் கூரை மேலே இருந்த காக்கா பறந்தது.

“மனுவக் கிழிங்கய்யா” என்றார் அப்பா, பல நாள் கழித்து நெஞ்சை நிமிர்த்தி.

“சாமி காரியம் முழுசா முடியட்டும். இன்னும் கண் தொறப்பு இருக்குல்ல?” என்றார் பிரசிடெண்டு.

கண் திறப்பு என்பது குதிரைக்கு உயிர் கொடுக்கிற சடங்கு. அதற்கு முன்னால் வேளார் சுண்ணாம்பும் வர்ணமும் பூசி, முகத்தை வேட்டியால் மூடிவிடுவார். திருவிழா அன்று காலை மந்தையில் எல்லார் முன்னிலையிலும் துணியை விலக்கி, கண்ணுக்கு மை தீட்டுவார். அந்தக் காலையும் வந்தது. மேளம் கொட்டியது. இரண்டு தெருவும் கையெடுத்துக் கும்பிட்டது. வேளார் துணியை விலக்கினார்.

மேளம் நின்றது.

எங்கள் ஊர்க் குதிரைகளுக்கு மூக்குக்குக் கீழே குறுக்கே ஒரு கறுப்பு வார் வரைவது வழக்கம், கடிவாளத்துக்காக. அந்த வாரை இந்தக் குதிரைக்கும் வரைந்திருந்தார். நீண்ட முகம். துருத்திய இரண்டு பல். விரிந்த மூக்குத் துவாரம். இப்போது கன்னம்வரை மீசையும் வந்துவிட்டது. ஊர் குதிரையைப் பார்த்தது. பிறகு பிரசிடெண்டைப் பார்த்தது. மறுபடியும் குதிரையைப் பார்த்தது.

“ஏங்க,” என்றார் பிரசிடெண்டின் மனைவி, “நீங்க எப்ப அங்க போனீக?”

எனக்குப் பக்கத்தில் செல்லக்கிளி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். “ஒனக்குத் தெரியுமாடி?” என்றேன். “செய்யும்போதே தெரியும். சொன்னா நீ அழிச்சிருவ. நல்லாருந்துச்சு” என்றாள்.

பிரசிடெண்டு குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடப்பக்கம் நின்று பார்த்தார். வலப்பக்கம் நின்று பார்த்தார். தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார். பேரையூருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

“டீச்சர், இது வேணுமின்னே செஞ்சதா?”

பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லை. “இல்லங்க. தெரியாமத்தான் வந்துருச்சு.”

“தெரியாம வந்துச்சா?” அவர் ஊர் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது. “கேட்டீகளா? இந்தப் பிள்ள செய்யல. தானா வந்துருக்கு! அய்யனாரு ஏறிப் போறதுக்கு எம்மொகத்தக் கேட்டிருக்காரு!”

மனுவை எடுத்து எட்டாகக் கிழித்துக் காற்றில் விட்டார். எனக்கு முதல் மாலை, குதிரைக்கு இரண்டாவது. பரிவட்டம் கட்டும்போது என்னை ‘தாயி’ என்றார். மேலத்தெரு ஆர்ப்பரித்தது.

கீழத்தெரு ஆர்ப்பரிக்கவில்லை. “பிள்ள நம்ம பிள்ள, மண்ணு நம்ம கம்மாக்கர மண்ணு, மூஞ்சி மட்டும் அவனுதா?” என்று சோலை மாமா துண்டை உதறினார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். அடுத்த வருடக் குதிரைக்குத் தன் முகம்தான் என்று சொல்லிவிட்டு, இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் எடுப்பாக இருக்கும் என்றும் யோசனை சொன்னார். அதோடு பிடிமண் சண்டை தீர்ந்தது. முகச் சண்டை தொடங்கியது. ஒரு வருடம் இந்தத் தெரு, மறு வருடம் அந்தத் தெரு என்று ஏற்பாடாகி, இன்றுவரை திருவிழா நிற்கவில்லை. முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்ட ஆளை ஊரை விட்டு அனுப்ப முடியுமா? என்னை வேறு ஊருக்கு மாற்றக் கூடாது, வேலையை நிரந்தரமாக்க வேண்டும் என்று அதே இரண்டு தெருவும் இன்னொரு மனு போட்டது. அதையும் நானேதான் எழுதினேன். அகந்தை என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். வேலை நிரந்தரமானது. அப்பா டீக்கடைக்குத் திரும்பினார்.

பிறகு கல்யாணமாகித் திருப்பரங்குன்றத்துக்குப் போனாலும், குதிரை செய்ய வருடாவருடம் ஊருக்கு வந்துவிடுவேன். பெண் பார்க்க வந்தபோதே இந்தக் கதையை யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் வீட்டில் நான் கொஞ்சம் முறைத்தால் போதும், என் கணவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “ஏய், எல்லாரும் மூக்கப் பொத்துங்க. அம்மா அளவெடுக்குறா” என்பார். மூவரும் ஆளுக்கொரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு தின்பார்கள்.

மூக்கைப் பற்றி அவர் கவலைப்படத் தேவையில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சின்னச் சண்டைக்குப் பிறகு, நான் செய்த குதிரைக்கு அவருடைய காதை வைத்துவிட்டேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அய்யனார் கோயிலில் அவர் அதன் முன்னால்தான் நிற்பார். செல்லக்கிளி சிரிப்பை அடக்க முடியாமல் கோயிலுக்குப் பின்னால் ஓடிவிடுவாள். அவர் தலையைச் சாய்த்து ரசித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் என்னிடம் சொல்வார்:

“நீ செஞ்சதுலயே இது ஒண்ணுக்குத்தான் பேச்சி, அசல் குதிரைக் காது அமைஞ்சிருக்கு.”